கீலேஷன் மருந்து எடுக்கும் நாட்களில் வரும் அசதி: எதனால் வருகிறது, என்ன செய்யலாம்

ரத்தத்தில் ஈயம் ஏறிப்போய், அதை வெளியேற்றும் கீலேஷன் மருந்தான சக்சிமரை மூன்று சுற்று சாப்பிட்டவன் நான். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் இடத்தில் பல வருடம் வேலை பார்த்ததில் வந்தது. முதல் சுற்றின் நாலாவது நாள் காலையில் குளித்துவிட்டு வந்து சட்டைப் பொத்தான் போட ஆரம்பித்தேன். மூன்றாவது பொத்தானிலேயே கை தளர்ந்துவிட்டது, கட்டிலில் உட்கார்ந்தவன் மீதியைப் போட்டு முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. பார்க்க வந்த ஒருவர், "நல்லதுதான், நஞ்சு வெளிய போகுது, அதான் உடம்பை இப்படி அடிச்சுப் போடுது" என்றார். நானும் அதை நம்பி மூன்று நாள் யாரிடமும் வாய் திறக்காமல் படுத்துக் கிடந்தேன். வாராந்தரப் பரிசோதனைக்குப் போன இடத்தில் செவிலியர் ரத்த அழுத்தம் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், அப்புறம் "கடைசியா எப்ப வயிறு நிறையச் சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. குமட்டலுக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன், தண்ணீரையும் குறைத்திருக்கிறேன். என்னைக் கீழே தள்ளியது அதுதான்.

அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அசதி வந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உலோகம் குறைகிறதா இல்லையா என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லும், உடம்பு தளர்வது சொல்லாது. ஒரு அசதியும் இல்லாமல் அளவு நன்றாக இறங்கியவர்கள் உண்டு. படுத்த படுக்கையாகக் கிடந்து, கடைசியில் வெள்ளையணு குறைந்திருக்கிறது என்று தெரிந்தவர்களும் உண்டு. அசதிக்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால்தான் என்ன செய்வது என்று தெரியும்.

இங்கே நான் எழுதுவது மருத்துவர் எழுதிக் கொடுத்து, பரிசோதனையோடு நடக்கிற சிகிச்சைக்கு மட்டும். ரத்தத்தில் உலோகம் கூடியிருக்கிறது என்று நிரூபிக்காமல், "உடம்பைச் சுத்தம் செய்ய" என்று யாராவது உங்களுக்கு கீலேஷன் கொடுக்கிறார்கள் என்றால் அசதியைச் சமாளிக்கும் வழியைத் தேட வேண்டாம், அந்த சிகிச்சை தேவையா என்று வேறொரு மருத்துவரிடம் போய்க் கேளுங்கள்.

உங்கள் மருந்து எது என்று பாருங்கள்

கீலேஷன் என்று ஒரே பெயரில் சொன்னாலும் மருந்துகள் வேறு வேறு, தொல்லைகளும் வேறு வேறு. எல்லாம் செய்கிற வேலை ஒன்றுதான், உலோக அணுவைக் கவ்விக்கொண்டு பெரும்பாலும் சிறுநீர் வழியாக வெளியே கொண்டுபோவது. ஈயத்துக்கு சக்சிமர் என்கிற டிஎம்எஸ்ஏ வாய்வழியாக. ஈயம் மிக அதிகமாக இருந்தால் கால்சியம் டைசோடியம் இடிடிஏ டிரிப்ஸில், சிலருக்கு கூடவே டைமெர்காப்ரால் ஊசி. வில்சன் நோயில் சேரும் தாமிரத்துக்குப் பெனிசிலமைன் அல்லது ட்ரையென்டின். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்கிறவர்களுக்குச் சேரும் இரும்புக்கு டெஃபெராக்சமைன், டெஃபெரிப்ரோன், டெஃபெராசிராக்ஸ். உங்கள் மருந்தின் பெயர், ஒரு வேளை அளவு, தொடங்கிய தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி காய்ச்சல் வந்து தெரியாத மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அங்கே இருப்பவருக்கு அந்தத் தாள் பெரிய உதவி.

அசதியைப் பிரித்துப் பார்ப்பது

எனக்கு உதவிய வழி இது. காலையில் எழுந்ததும், மதியம், ராத்திரி என்று மூன்று முறை ஒரு நோட்டில் நாலு விஷயம் எழுதினேன்: எவ்வளவு சாப்பிட்டேன், எவ்வளவு தண்ணீர் போயிற்று, காய்ச்சல் எவ்வளவு, 10-க்கு எத்தனை சக்தி இருக்கிறது. ஒரு வாரம் ஆனதும் அக்கா அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "மதியம் சாப்பிடாத நாளெல்லாம் சாயந்திரம் ரெண்டு, மூணுதான் போட்டிருக்க" என்றாள். நானே எழுதியது, அவள் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை. கூட இருக்கும் ஒருவரிடம் நோட்டைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அசதி பல வழியில் வருகிறது. உலோகமே தரும் அசதி ஒன்று. ஈயம் ரத்தச் சிவப்பணுவில் ஹீமோகுளோபின் உண்டாவதைத் தடுக்கிறது, அதனால் ரத்தசோகை. மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, படபடப்பு, முகம் வெளிறிப்போவது எல்லாம் இந்தக் கணக்கு. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால், ஈயம் இறங்கிய மறுநாளே உடம்பு நிமிர்ந்துவிடாது, வாரக்கணக்கில்தான் தெளியும். இதற்குப் பொறுமையைத் தவிர வேறு குறுக்குவழி கிடையாது. ஆனால் கூடவே இரும்புச்சத்துக் குறைவும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் இரும்பு குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். நீங்களாகவே இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். டைமெர்காப்ரால் ஊசி போடும் நாட்களில் இரும்பு எடுக்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் நஞ்சாகும். பெனிசிலமைனோடு சேர்த்து எடுத்தால் மருந்து உடம்பில் சேராமல் போகும்.

சாப்பாடும் தண்ணீரும் குறைந்து வரும் அசதி இரண்டாவது வகை, எனக்கு வந்தது இதுதான். எழுந்து நின்றால் தலை கிறுகிறுக்கும், நாக்கு வறளும், சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகும். கவனித்தால் ஒரே நாளில் சரியாகிற அசதி இது, கவனிக்காவிட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தூக்கம் கெட்டு வருவது அடுத்தது. இதுபோக ஒன்று இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: திடீரென்று, முந்தின நாளைவிட ஒரேயடியாகத் தூக்கிப்போடுகிற அசதி, கூடவே தொண்டை வலி, வாய்ப்புண், காய்ச்சல். சக்சிமரும் பெனிசிலமைனும் சிலருக்கு வெள்ளையணுவைக் குறைக்கும், டெஃபெரிப்ரோனில் இந்த ஆபத்து இன்னும் பெரியது. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். டெஃபெரிப்ரோன் எடுப்பவர் என்றால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வாராவாரம் ரத்தம் எடுக்கச் சொல்கிறார்களே, ஒரு வாரம் விட்டால் என்ன என்று தோன்றும். கை முழுக்க ஊசித் தழும்போடு எனக்கும் தோன்றியது. விடாதீர்கள். வெள்ளையணு இறங்குவது ஆரம்பத்தில் உடம்புக்குத் தெரியாது, பரிசோதனைக்குத்தான் தெரியும்.

குமட்டலும் அந்த நாற்றமும்

சக்சிமர் டப்பாவைத் திறந்தவர்களுக்குத் தெரியும், அழுகிய முட்டை வாடை. மூலக்கூறில் கந்தகம் இருப்பதால் வருகிறது, மருந்து கெட்டுப்போய் வருவதல்ல. என் எடைக்கு ஒரு வேளைக்கு 100 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஆறு. முதல் நாள் டப்பாவை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணி எடுத்தேன், மூன்றாவதிலேயே ஓங்கரித்தது. பிறகு கண்டுபிடித்த வழி: அன்றைக்கு வேண்டிய மூன்று வேளையையும் காலையில் ஜன்னல் ஓரம் நின்று மூடியுள்ள சின்னச் சின்ன டப்பியில் பிரித்து வைத்துவிடுவது, போடும் நேரத்தில் மூச்சை வெளியே விட்டுவிட்டு வாயில் போட்டு, நன்றாகக் குளிர்ந்த தண்ணீர் குடித்து, அப்புறம்தான் மூச்சை இழுப்பது. கேட்க அற்பமாக இருக்கும், எனக்குப் பாதிக் குமட்டல் அதிலேயே போயிற்று. கேப்ஸ்யூலை விழுங்க முடியாத குழந்தைகளுக்கு அதைப் பிரித்து உள்ளே இருப்பதை ஒரு கரண்டி மென்மையான உணவில் தூவிக் கொடுக்கலாம், உடனே சாப்பிட வைக்க வேண்டும். வியர்வையிலும் மூச்சிலும் சிறுநீரிலும்கூட அந்த வாடை வரும், சுற்று முடிந்ததும் போய்விடும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை மூன்று பெரிய வேளையை மறந்துவிட்டு ஆறு சின்ன வேளையாக ஆக்குங்கள். சூடான உணவின் வாசனைதான் பெரும்பாலும் குமட்டலைக் கிளப்பும், அதனால் ஆறவைத்தோ குளிரவைத்தோ சாப்பிட்டால் இறங்கும். வாயில் இரும்புச் சுவை வந்தால் ஸ்டீல் கரண்டிக்குப் பதில் மரக்கரண்டியோ பிளாஸ்டிக்கோ, கொஞ்சம் புளிப்பு, சாப்பிடுமுன் ஒருமுறை வாய் கொப்பளிப்பு. எண்ணெய்ப் பலகாரம் அந்த நாட்களுக்கு வேண்டாம். ஆனால் உணவோடு சேர்த்துப் போடலாமா என்பது மருந்துக்கு மருந்து மாறும், இதைக் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெனிசிலமைன் வெறும் வயிற்றில்தான், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ. குமட்டுகிறது என்று அதைச் சாப்பாட்டோடு சேர்த்தால் மருந்தில் பெரும்பகுதி வீணாகும்.

போட்ட வேளையை வாந்தி எடுத்துவிட்டால் உடனே இன்னொரு வேளை போடாதீர்கள். மருந்து போட்ட நேரம், வாந்தி வந்த நேரம் இரண்டையும் குறித்துக்கொண்டு கேளுங்கள். ஒரு வேளை மறந்துபோனாலும் அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடக் கூடாது. குமட்டலுக்கு மாத்திரை எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நான் அதை இரண்டாவது சுற்றில்தான் கேட்டேன், முதல் சுற்றிலேயே கேட்டிருக்கலாம்.

தண்ணீர் விஷயத்தில் ஒரே அளவு எல்லாருக்கும் பொருந்தாது. சிறுநீரகமோ இதயமோ பலவீனமாக இருப்பவர் அதிகம் குடித்தாலும் ஆபத்து. மருத்துவரிடம் ஒரு நாள் அளவைக் கேட்டு வாங்கி, அதை ஒரு பாட்டில் கணக்காக மாற்றிக்கொண்டு, ஒரே மூச்சில் குடிக்காமல் நாள் முழுக்க மிடறு மிடறாகக் குடியுங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் வெறும் தண்ணீர் போதாது, உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் உள்ள ஓஆர்எஸ் கரைசல் வேண்டும். டெஃபெராசிராக்ஸ் எடுக்கும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்கே மருத்துவருக்குச் சொல்லுங்கள், நீர் வற்றிய உடம்பில் அந்த மருந்து சிறுநீரகத்தைச் சட்டென்று பாதிக்கும்.

நாளை எப்படி ஓட்டுவது

சக்சிமரில் வழக்கமான முறை 19 நாள்: முதல் 5 நாள் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, பிறகு 14 நாள் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. முதல் ஐந்து நாள்தான் கடினம். 8 மணி நேரம் என்றதும் நான் முதல் சுற்றில் ராத்திரி 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன், காரணம் முதல் வேளையைக் காலை 10 மணிக்கு ஆரம்பித்துவிட்டேன். அடுத்த சுற்றில் காலை 6, மதியம் 2, ராத்திரி 10 என்று வைத்தேன், தூக்கம் முழுதாகக் கிடைத்தது. ஆரம்பிக்கும் முதல் வேளையின் நேரத்தை யோசித்து வையுங்கள்.

வேலையை விட முடியாதவர்கள் முதல் வாரத்துக்காவது விடுப்போ குறைந்த வேலையோ கேட்டுப் பாருங்கள். நாளில் எந்த நேரத்தில் சக்தி கூட இருக்கிறது என்று நோட்டைப் பார்த்தால் தெரியும், எனக்குக் காலை 9 முதல் 11 வரை. முக்கியமான ஒரே ஒரு காரியத்தை அந்த நேரத்தில் வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிப்போட்டேன். சக்தி இருக்கிறது என்று ஒரு நாள் நாலு வேலையும் இழுத்துப்போட்டுச் செய்தால் அடுத்த இரண்டு நாள் எழ முடியாது, அந்தத் தப்பைச் செய்துதான் கற்றேன். உட்கார்ந்து குளியுங்கள், உட்கார்ந்து துணி மடியுங்கள். பகல் தூக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் போனால் ராத்திரி தூக்கம் கெடும். முழு நாளும் படுத்தே கிடந்தாலும் தசை தளர்ந்து அசதி கூடும், அதனால் காய்ச்சலோ தலைசுற்றலோ இல்லாத நாளில் பத்து நிமிடம் மெதுவாக நடந்துவிட்டு வாருங்கள். தலை சுற்றும் நாளிலும் டிரிப்ஸ் ஏற்றிய நாளிலும் வண்டி ஓட்டாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும். ஈயம் ஏறியவருக்கு மறதியும் எரிச்சலும் நோயின் பகுதி. "சோம்பேறித்தனம்" என்று ஒரு வார்த்தை விழுந்தால் அது மனதில் அப்படியே தங்கிவிடும். என் அக்கா ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை, அதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மற்ற மருந்துகளில் தெரிந்திருக்க வேண்டியவை

இடிடிஏ டிரிப்ஸ் ஏற்றிய பிறகு சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், தலைவலி, தும்மல், மூக்கடைப்பு, அதிக தாகம் வரலாம். அங்கே இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். சிறுநீர் எவ்வளவு போகிறது என்பதைத்தான் அதில் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அடி வாங்கக்கூடியது சிறுநீரகம். இந்த மருந்து துத்தநாகத்தையும் சேர்த்து வெளியே கொண்டுபோகும். பாட்டிலில் இருப்பது கால்சியம் டைசோடியம் இடிடிஏ தானா என்று பெயரைப் படித்துக் கேட்பது உங்கள் உரிமை. கால்சியம் இல்லாத டைசோடியம் இடிடிஏ வேறு மருந்து, அது ரத்தத்தில் உள்ள கால்சியத்தைக் கவ்விவிடும். 2003 முதல் 2005 வரை அமெரிக்காவில் இடிடிஏ ஏற்றப்பட்டு கால்சியம் சரிந்து 3 பேர் இறந்தார்கள், அதில் 2 பேர் குழந்தைகள். டிரிப்ஸ் ஓடும்போது வாயைச் சுற்றி மதமதப்பு, விரல் இழுத்துப் பிடிப்பது, நெஞ்சு படபடப்பு வந்தால் உடனே குரல் கொடுங்கள்.

டைமெர்காப்ரால் நிலக்கடலை எண்ணெயில் கலந்த ஊசி, கடலை ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்ல வேண்டும். ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகளால் சிவப்பணு உடைந்துபோகும் பரம்பரைக் குறை) இருப்பவரும் அப்படியே. ஊசி போட்ட இடம் நன்றாக வலிக்கும், ரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் சற்று நேரம் ஏறி இறங்கும்.

பெனிசிலமைனில் சுவை மங்கும், தோலில் தடிப்பு வரும், சிறுநீரில் புரதம் போகும். வைட்டமின் பி6 கூடவே எழுதித் தருவார்கள், அதை விடாதீர்கள். சோர்வாக இருக்கிறது என்று நீங்களாகவே சில நாள் நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பது இந்த மருந்தில் ஆபத்து, மறுபடி தொடங்கும்போது கடுமையான ஒவ்வாமை வரக்கூடும். வில்சன் நோயில் ஆரம்ப வாரங்களில் நடுக்கமோ பேச்சுக் குழறலோ கூடினால் உடனே தெரியப்படுத்துங்கள்.

இரும்புக்கு எடுப்பவர்களுக்கு: டெஃபெராக்சமைன், டெஃபெரிப்ரோன் இரண்டிலும் சிறுநீர் செம்மண் நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். டெஃபெராக்சமைனைத் தோலுக்கடியில் ராத்திரி 8 முதல் 12 மணி நேரம் பம்ப் வைத்து ஏற்றுவார்கள். ஊசி குத்தும் இடத்தைத் தினமும் மாற்றினால் வீக்கமும் கட்டியும் குறையும். காதில் இரைச்சல், பார்வை மங்கல் வந்தால் சொல்ல வேண்டும். டெஃபெராசிராக்ஸில் மலம் கறுப்பாகப் போனால் காத்திருக்கக் கூடாது.

உடனே கிளம்ப வேண்டியவை

மூச்சுத் திணறல், முகமோ உதடோ வீங்குவது, கொப்பளத்தோடு தோல் உரிவது, வலிப்பு, நினைவு குழம்புவது, சிறுநீர் நின்றுபோவது, கண் மஞ்சளாவது, இரும்பை வெளியேற்றும் மருந்து எடுக்காதவருக்குச் சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது. இதில் ஒன்று வந்தாலும் அடுத்த வேளையைப் போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள், டப்பாவையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்களாகச் சேர்க்கக் கூடாதவை

கொத்தமல்லிச் சாறு, குளோரெல்லா, ஆல்ஃபா லிபோயிக் அமிலம் என்று நிறையச் சொல்வார்கள். மருந்தின் வேலையை இவை செய்யும் என்பதற்கு மனிதர்களிடம் உருப்படியான ஆதாரம் கிடையாது, உங்கள் சிகிச்சையின் நடுவில் சேர்த்தால் எது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. மருந்துச்சீட்டு இல்லாமல் கீலேஷன் பொருள் விற்ற நிறுவனங்களுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010-ல் எச்சரிக்கை கொடுத்தது. பாரம்பரிய மருந்துப் பொடி எதையாவது எடுத்துக்கொண்டிருந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், சில பொடிகளில் ஈயமும் பாதரசமும் இருப்பது பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. துத்தநாகம் மாதிரி தாதுச் சத்து மாத்திரையும் கேட்டுவிட்டுத்தான். டெஃபெராக்சமைன் எடுப்பவர் வைட்டமின் சி-யைத் தன்னிஷ்டத்துக்குப் போடவே கூடாது, அதிக அளவு இதயத்தைப் பாதிக்கும்.

சுற்று முடிந்த பிறகு

சக்சிமர் ஒரு சுற்று முடிந்ததும் பொதுவாகக் குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விடுவார்கள். அந்த இடைவெளியில் ரத்த ஈய அளவு மறுபடி ஏறும். எனக்கு முதல்முறை அந்தத் தாளைப் பார்த்ததும் அழுகை வந்தது, இவ்வளவும் வீணா என்று. எலும்பில் வருடக்கணக்கில் சேர்ந்த ஈயம் ரத்தத்துக்கு இறங்கி வருவதால் அப்படி ஆகிறது, எதிர்பார்க்கிற விஷயம்தான். முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு அவ்வளவு உடைந்திருக்க மாட்டேன்.

ஆனால் எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஏறினால், ஈயம் இன்னும் எங்கிருந்தோ உள்ளே வருகிறது. இரண்டாவது சுற்றுக்குப் பிறகு எனக்கு அப்படித்தான் ஏறியது. வேலையை விட்டு மூன்று மாதம் ஆகியும் எங்கிருந்து என்று மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் வாசல் கதவுக்குப் பின்னால் நான் விட்டு வைத்திருந்த பழைய வேலை பூட்ஸும், அதன் மேல் தொங்கிய சட்டையும் நினைவுக்கு வந்தன. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அந்தத் தூசி வீட்டுக்குள் விழுந்திருக்கிறது, பக்கத்திலேயே அக்கா மகன் தரையில் உட்கார்ந்து விளையாடுவான். அவற்றைப் பையில் கட்டி அப்புறப்படுத்தி, அந்த இடத்தைப் பெருக்காமல் ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தோம், அவனுக்கும் ரத்தம் பார்த்தோம். அவன் அளவு சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் போகவில்லை. எனக்கு மூன்றாவது சுற்றுக்குப் பிறகு இரண்டு வாரம் கழித்து எடுத்த அளவு அதிகம் ஏறாமல் நின்றது. நோட்டில் அந்த வாரம் சக்தி என்ற இடத்தில் 6 என்று எழுதியிருக்கிறேன்.